முடிப்பற்றும் எழுதுகோலும்: சைமன் காசிச்செட்டி மீதான தீர்ப்புக்கு ஒரு மறுப்பு

தில்லையடி என்றதும் தமிழுலகின் பெரும்பகுதிக்கு நினைவில் எழுவது தரங்கம்பாடியை அடுத்துள்ள ஊரும், அவ்வூர்வழிக் குடும்பமொன்றிற் பிறந்து, தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்று, 1914ஆம் ஆண்டிலே பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையுமே. அதே பெயருடைய இன்னொரு தில்லையடி இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரை ஒட்டிக் களப்பை அண்டிக் கிடக்கின்றது. உவர்நிலத்துத் தில்லை மரத்தின் பெயர் தாங்கிய இவ்வூருக்குத் தமிழ் இலக்கிய வரலாறுகளில் இடமில்லை. இவ்வூருக்கு மட்டுமன்று, புத்தளக் கரை முழுவதற்குமே அவ்வரலாறுகள் ஒதுக்கியுள்ள இடம் மிகச் சிறிது. அச்சிறிய இடத்தையும் பெரும்பாலும் நிரப்புபவர் ஒருவர். அவரையும் அண்மைக்காலத் திறனாய்வு ஒரு சொல்லாலே தள்ளிவிட முற்படுகின்றது. ‘முடி விசுவாசி’ என்பது அச்சொல். சைமன் காசிச்செட்டி என்பது அவர் பெயர்.

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1841ஆம் ஆண்டுச் சனவரியிலே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய ‘உதயதாரகை’யோடு தமது முதலாம் அத்தியாயத்தைத் தொடங்குவது வழக்கம். அதே 1841இல் காசிச்செட்டி ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத இதழை வெளியிட்டார் என்ற செய்தி அவ்வத்தியாயத்திலே ஒரு வசனமாகவோ அடிக்குறிப்பாகவோ வந்து போகும். தாரகைக்கு அத்தியாயம், ஆதித்தனுக்கு அடிக்குறிப்பு! உதயதாரகை நெடுங்காலம் நடந்தது, உதயாதித்தன் நீடிக்கவில்லை என்பது இதற்குக் கூறப்படும் முதற்காரணம். அது ஓரளவு நியாயமானதே. ஆயின் இரண்டாவதாகக் கூறப்படும் காரணமே இங்கு ஆராயப்பட வேண்டியது. காசிச்செட்டி ஆங்கில அரசின் உத்தியோகத்தர், தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட சட்டநிரூபண சபை உறுப்பினர், முடிக்குப் பணிந்தே வாழ்ந்தவர், ஆதலின் அவருடைய எழுத்து ஆட்சியாளரின் தேவைக்காக எழுந்த எழுத்து, அதனை மக்கள் சார்ந்த பத்திரிகை மரபிற் சேர்த்தல் தகாது என்பது அவ்வாதம்.

இவ்வாதம் முன்வைக்கும் தரவுகள் பிழையானவை அல்ல. அவற்றை மறுக்க முயல்வோர் காசிச்செட்டிக்கு நன்மை செய்பவரும் அல்லர். கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் கத்தோலிக்கச் செட்டிக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், இளவயதிலேயே புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்தில் முதலில் இருந்தவர் ஆ. குமாரசுவாமி. அவர் மறைவின் பின் 1838இல் காசிச்செட்டி அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டார். 1845இல் அவ்வாசனத்தைத் துறந்து சிவில் சேவையிற் சேர்ந்தார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றினார். 1860 நவம்பரிற் காலமானார். இவ்வரலாற்றில் எங்கும் கலகக்குரல் இல்லை. அரசோடு முரண்பட்டுப் பதவியிழந்த கதை இல்லை. சபையில் மக்களின் பிரதிநிதியாக இருப்பதைக் கைவிட்டுச் சம்பளம் பெறும் உத்தியோகத்தை அவர் தெரிந்துகொண்டார் என்று கூறினும் அது மிகையாகாது.

இன்னும் கூறலாம். குற்றஞ்சாட்டுவோர் தமது குற்றப்பத்திரத்தைச் செம்மையாக எழுதவில்லை. அவர்கள் கையிலெடுக்க வேண்டிய மிக வலிய சான்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் ஆகியவற்றுக்கு உறுதி காட்ட இயலாதவிடத்து அவற்றை முடிக்குரியன எனக் கொள்ளச் செய்த சட்டம் அது. கோப்பித் தோட்டச் சொந்தக்காரருக்குக் குடியானவரின் மேட்டுநிலம் கைமாறுவதற்கு அதுவே வாசலாயிற்று. அச்சட்டம் நிறைவேறிய சபையிலே காசிச்செட்டி ஓர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அச்சபையில் உத்தியோகப்பற்றுள்ளோரே பெரும்பான்மையினர் என்பதும், உத்தியோகப்பற்றற்றோர் அறுவரின் வாக்கால் எதனையும் தடுத்திருக்க முடியாது என்பதும் உண்மையே. இருப்பினும் ‘முடிக்குரிய காணி’ என்னும் தொடர் இந்நாட்டின் ஏழைகளுக்கு இழைத்த தீங்கை எண்ணும்போது, அந்த ஆசனத்தைச் சாதாரண ஆசனமாகக் கொள்ள இயலாது.

1848ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். துவக்கு வரி, நாய் வரி, கடை வரி, வீதி வரி எனத் தொறிங்ரன் தேசாதிபதி விதித்த வரிகளுக்கு எதிராக மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தனர். புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். கொழும்பில் ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியரான ஐரிசுக்காரர் வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் அவ்வரிகளைக் கண்டித்தெழுதி ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளானார். அந்த ஆண்டிலே காசிச்செட்டி அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தார். பத்திரிகையாளர் என்ற பட்டத்துக்கு எலியட்டை முன்மாதிரியாக வைத்து அளந்தால் காசிச்செட்டி தேறமாட்டார்.

இவை யாவும் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரும் தீர்ப்புப் பிழையாகவே இருக்கின்றது. ஏனெனில், ‘முடிப்பற்று’ என்பது ஒரேயொரு பொருளை உடையது என்ற எடுகோளின் மீதே அத்தீர்ப்பு எழுப்பப்பட்டுள்ளது. முடிக்குப் பணிந்த எழுதுகோல் எல்லாம் ஒரேவிதமாக எழுதும் என்றால், உலகின் முடிப்பற்றுப் பத்திரிகையாளருள் முதன்மையான ஒருவரோடு காசிச்செட்டியை அருகிருத்திப் பார்ப்பது பயன் தரும். அதற்குப் பிரான்சுக்குச் செல்ல வேண்டும்.

பிரான்சின் தென்கரையில், பேர் என்னும் உவர்க் களப்பு கடலோடு இணையும் இடத்தில், மார்த்திக் என்னும் மீனவர் பட்டினம் உண்டு. மீனும் உப்புக்காற்றும் களப்பும் கொண்ட அவ்வூர் கற்பிட்டிக்குப் பெரிதும் அந்நியமானதன்று. அங்கே 1868ஆம் ஆண்டிற் பிறந்தவர் சார்ல் மொராஸ். பதினான்கு வயதளவிற் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். பதினேழு வயதிலே பாரிசுக்குச் சென்று பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். அப்போது பிரான்சு குடியரசாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அரசர் எவரும் இல்லை. மொராஸுக்குச் சம்பளம் வழங்க ஓர் அரண்மனையும் இல்லை. ஆகவே அவருடைய முடிப்பற்றிலே காசிச்செட்டியின் முடிப்பற்றில் உள்ளது போன்ற உத்தியோக ஆசையின் கறை சிறிதும் இல்லை. தூய்மையான கொள்கைப்பற்று அது. ‘எடுபிடி’ என்ற சொல்லை அவர்மீது எவரும் எறிய முடியாது. ஆட்சியாளரை நாள்தோறும் எதிர்த்தெழுதியவர், சிறை சென்றவர், திருச்சபையின் கண்டனத்தையும் பொருட்படுத்தாதவர். எதிர்ப்பே பத்திரிகையாளனின் இலக்கணம் என்று கொண்டால் மொராஸ் தலைசிறந்த பத்திரிகையாளர்!

அவர் எழுதியது என்ன? யூதரான டிரேபுஸ் என்னும் இராணுவத் தலைவர்மீது 1894இல் தேசத்துரோகப் பழி சுமத்தப்பட்டது. அப்பழியை நிலைநாட்ட ஹென்றி என்னும் படையதிகாரி கடிதமொன்றைப் பொய்யாகப் புனைந்தமை 1898இல் வெளிப்பட்டது. அவ்வதிகாரி சிறைக்கூடத்திலே தற்கொலை செய்துகொண்டார். பிரான்சே திகைத்து நின்ற அவ்வேளையில், முடியாட்சிக் கட்சியினரின் ‘கசற் து பிரான்ஸ்’ பத்திரிகையில் மொராஸ் எழுதிய கட்டுரை அப்பொய்ப் புனைவைத் தேசப்பற்றுச் செயலாகப் போற்றியது. பொய்யென்று தெரிந்த பின்னரும் நாட்டின் பெயரால் அதனைப் போற்றலாம் என்று கூறிய அந்த இடத்திலேயே அவருடைய புகழ் தொடங்குகின்றது. அடுத்த ஆண்டில் ‘அக்சியோன் பிரான்சேஸ்’ இயக்கம் தோன்றியது. 1908இல் அதே பெயரில் நாளிதழ் வந்தது. தெருவில் அதனை விற்ற இளைஞர்கள் ‘மன்னனின் கூவி விற்போர்’ என்ற பெயரோடு கைத்தடிகளும் தாங்கித் திரிந்தனர்.

அந்நாளிதழின் மூலக் கோட்பாடு மன்னர் பற்றியதன்று. பிரான்சின் மண்ணுக்கு உரியவர் யார், உரியவரல்லாதார் யார் என்பது பற்றியது. யூதர், புரட்டஸ்தாந்தர், சுதந்திரக் கட்டுநர் சங்கத்தார், ‘மெத்தெக்’ எனும் அந்நியர் ஆகிய நாற்பிரிவினரும் நாட்டுக்குள் இருந்துகொண்டே நாட்டை அரிக்கும் கூட்டு எனப் பல்லாண்டுகள் அவர் எழுதினார். ‘மெத்தெக்’ என்பது பழைய ஏதென்சில் வாழ்ந்த வெளியூராரைக் குறித்த கிரேக்கச் சொல். அதனை வசைச்சொல்லாகப் பிரெஞ்சு வழக்கிற் பரப்பிய பெருமை மொராஸையே சாரும். அச்சொல்லுக்குத் தமிழ் தேட அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ‘வந்தான் வரத்தான்’ என்று யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே வழங்கியது அதுவே.

மன்னரில்லாத இந்த முடிப்பற்றின் வேடிக்கையை வரலாறு நன்கு காட்டியது. 1926இலே பாப்பரசர் அவ்வியக்கத்தைக் கண்டித்தார். 1937இலே முடிக்கு உரிமை கோரிய அரச குடும்பத்தின் இளவரசரான பாரிசுக் கோமகனே அதனோடு தமக்குத் தொடர்பில்லை என அறிவித்தார். மன்னர் குலமே கைவிட்ட பின்னரும் மன்னரின் பெயரால் இதழ் தொடர்ந்து வந்தது! இடையிலே எதியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிரான தடைகளை ஆதரித்த பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொல்லத் தூண்டும் வகையில் எழுதியமைக்காக மொராஸ் 1936-37இற் சிறையிலிருந்தார். 1938இலே பிரெஞ்சுக் கலைக்கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தது. 1940இலே நாடு செர்மனியிடம் வீழ்ந்தபோது விஷியில் அமைந்த பெத்தானின் அரசு யூதருக்கு எதிரான சட்டங்களை இயற்றியது. மொராஸ் அவ்வரசின் பக்கம் நின்றார். 1945 சனவரியிலே லியோன் நகர நீதிமன்றம் அவருக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதித்தபோது, இது டிரேபுஸின் பழிவாங்கல் என்று அவர் கூவினார். ஐம்பது ஆண்டுகளிலும் அவர் எதனையும் கற்கவில்லை. 1952இல் மறைந்தார்.

இனிக் கற்பிட்டிக்குத் திரும்பலாம். காசிச்செட்டி இருபத்தேழு வயதில், 1834இலே, ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலைக் கோட்டைத் திருச்சபை மிசன் அச்சகத்தில் வெளியிட்டார். இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், ஊர்கள், துறைகள், ஆறுகள், அங்கு வாழும் மக்கள், அவர்தம் வழக்கங்கள் ஆகியவற்றை அகரவரிசையில் நிரற்படுத்திய நூல் அது. 1837இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் பரவரின் தோற்றம், வரலாறு பற்றி எழுதினார். 1845இல் இலங்கையில் அக்கழகத்தின் கிளை தோன்றியதும், அதன் தொடக்ககால மலர்களிலே யாழ்ப்பாணத்தின் வரலாறு பற்றியும், சாதியமைப்பின் அடித்தட்டில் ஒதுக்கப்பட்ட ரொடியரையும் அவர்தம் மொழியையும் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். திருவாதவூரர் புராணத்தின் புத்தரை வாதில் வென்ற சருக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குறிப்புகளுடன் அதே கழகத்துக்கு அளித்தார். கத்தோலிக்கர் ஒருவர், பௌத்தரும் சைவரும் வாதிட்ட கதையை, புரட்டஸ்தாந்த ஆங்கிலேயர் நிரம்பிய சபைக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆறுமுக நாவலரும் மிசனரிமாரும் கண்டனங்களால் மோதிக்கொண்ட நூற்றாண்டு அது. அத்தகைய காலத்திலே பிறசமயத்து நூலொன்றைக் கண்டிப்பதற்காக அன்றி அறிவதற்காகத் தொட்ட கை அருமையானது.

இறுதியாக 1859இலே ‘தமிழ்ப் புளூட்டாக்’ வந்தது. கிரேக்கரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய இந்நூல், தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் புலவர்களையும் பெண்பாற் புலவர்களையும் ஒரே கோவையில் வைத்தது. காவலி வெங்கட ராமசாமி 1829இல் கல்கத்தாவில் வெளியிட்ட தக்கணப் புலவர் சரிதம் இதற்கு முன்னோடி. 1886இற் சதாசிவம்பிள்ளை வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ இதன் வழிவந்தது. புளூட்டாக்கிலே கர்ணபரம்பரைக் கதைகளும் கால மயக்கங்களும் மலிந்துள்ளன. அவற்றைச் சுட்டிச் சிரிப்பது இன்றைய முதலாண்டு மாணவனுக்கும் எளிது. ஆயின் இலங்கைப் புலவரைத் தமிழ் இலக்கியத்தின் ஒரே அட்டவணையில், தனி வாலாக ஒட்டாமல், உரிய எழுத்தின்கீழ் உரிய இடத்தில் வைத்த துணிவு அந்நூலுக்குரியது.

இவ்விருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது எங்ஙனம் தகும்? காசிச்செட்டிக்கு முடி என்பது சம்பளம் தரும் எசமானன். மொராஸுக்கு முடி என்பது அயலவனை அடிக்க எடுத்த தடி. முன்னவர் அரசனுக்குப் பணிந்து அயலவரைப் பதிவுசெய்தார். பின்னவர் அரசனே இல்லாத நாட்டில் அரசனின் பெயரால் அயலவரைப் பதிவிலிருந்து நீக்கினார். பணிவு அழகானது என்று இங்கு வாதிடவில்லை. அது காசிச்செட்டியை 1840இல் அச்சபையில் இருத்தியது. ஆயின் ஓர் எழுத்தாளன் எவனுக்குப் பணிந்தான் என்ற வினாவோடு, எவரை விரட்ட எழுதினான் என்ற வினாவும் கேட்கப்படல் வேண்டும். முற்போக்குத் திறனாய்வு முதல் வினாவை மட்டுமே கேட்டுப் பழகிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அகரவரிசைப் பட்டியலும் அப்பாவித்தனமானதன்று. ஆட்சியாளர் நாட்டை அறிந்து ஆள்வதற்கே இத்தகைய நூல்கள் பயன்பட்டன. சாதிகளை வகுத்து, வழக்கங்களை எழுதி, நெகிழ்ந்திருந்தவற்றை நிலைப்படுத்திக் கச்சேரிக் கோப்புகளுக்குள் இட்டவர்களுள் காசிச்செட்டியும் ஒருவர் என்பர். இம்மறுப்பு வலியது. அவருடைய எழுத்துகளிற் சாதிப்படிநிலை ஒரு குற்றமாகக் காட்டப்படவில்லை, ஒரு தகவலாகவே வருகின்றது. தம் காலத்து உயர்குடியினரின் கண்கொண்டே அவர் பலவற்றைப் பார்த்தார். அவரிடமிருந்து சமத்துவக் கொள்கையைப் பெற முயல்வது வீண். பெறக்கூடியது வேறொன்று. இக்கரையிலே பரவரும், முக்குவரும், சோனகரும், செட்டிமாரும், சிங்களவரும், பிறரும் அவரவர் வந்த வழியோடும் வழக்கத்தோடும் ஒருங்கே வாழ்ந்தனர் என்பதற்கு, அந்நாளில் அக்கரையிற் பிறந்த ஒருவரே எழுதிவைத்த சான்று. எவரும் எங்கிருந்தோ வந்தவரே என்பது அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. செட்டிக் குடும்பத்தவரான அவர் தாமும் கடல்கடந்து வந்த ஒரு மரபினர் அல்லவா! 1344ஆம் ஆண்டளவில் இபின் பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ இப்புத்தளமே என்பது பலரின் கருத்து. அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரைப் பாரசீக மொழியிற் பேசி வரவேற்றுச் சிவனொளிபாதத்துக்கு வழித்துணையும் கொடுத்தனுப்பினான். வந்தவரை வரவேற்கும் மன்னரும் இருந்தனர் என்பதை முடியெதிர்ப்பாளர் பொறுத்துக்கொள்ளக் கடவர்.

இப்பொழுது தில்லையடியைப் பற்றிக் கூறுதல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை முற்றாக வெளியேற்றினர். யாழ்ப்பாணத்திலே ஒக்டோபர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார்த்தீவு முஸ்லிம்களுட் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். காசிச்செட்டி பிறந்த அதே கரை! வெளியேற்றப்பட்டோரிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலே தங்கினர். தில்லையடியிலும் அயலூர்களிலும் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கிய குடியிருப்புகள் பின்னர் ஊர்களாயின.

அந்த வெளியேற்றத்தை நிகழ்த்தியவர்கள் முடிப்பற்றாளர்கள் அல்லர். இலங்கை 1972 மே 22இலேயே குடியரசாகிவிட்டது. நாட்டில் முடியும் இல்லை, மன்னரும் இல்லை. விடுதலை என்ற சொல்லை நாவிலும் பதாகையிலும் தாங்கியவர்களே, நூற்றாண்டுகளாக அம்மண்ணில் வாழ்ந்து அம்மொழியையே பேசிய மக்களுக்கு நீங்கள் இம்மண்ணுக்குரியவர் அல்லர் என்று கூறினர். அவர்கள் மொராஸின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. அவருடைய கோட்பாடு செயற்பட அவருடைய மன்னர் தேவைப்படவில்லை. அக்கோட்பாட்டின் சாரம் முடியன்று, பெயர்நீக்கிய பட்டியல் என்பதைப் பாரிசின் கோமகன் 1937இலேயே உணர்ந்திருக்கலாம். தமிழ்த் திறனாய்வு இன்னும் உணரவில்லை. முடியைக் கண்டதும் சினந்தெழும் கட்டுரைகள் பல உள்ளன. மண்ணுரிமை பேசிய எழுத்தைக் கண்டதும் எச்சரிக்கையாகும் கட்டுரைகள் எத்தனை?

பட்டியலின் கொடுமை வெளியேற்றத்தோடு முடியவுமில்லை. வந்த மக்களுக்குப் புத்தளத்திலே ‘அகதி’ என்ற பெயர் பல்லாண்டுகள் ஒட்டிக்கொண்டது. நிலத்துக்கும் நீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி எழுந்தபோது, முதலில் அடைக்கலம் கொடுத்த அயலாரிடையேயும் முணுமுணுப்பு உண்டாயிற்று. 2009இற் போர் முடிந்தபின், வடக்கே மீள்வோரா இங்கேயே இருப்போரா, எங்கே வாக்காளராகப் பதிவது என்ற வழக்கு எழுந்தது. வடக்கே சென்றால் புத்தளத்தார், புத்தளத்தில் நின்றால் வடக்கார் என்ற நிலை அது. 2019 நவம்பர் 16ஆம் நாள், சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பேருந்துகள்மீது தந்திரிமலைப் பகுதியிலே துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. குடியரசின் வாக்காளர் இடாப்பிலே பெயர் உள்ளவர்கள் அவர்கள்.

காசிச்செட்டியைப் போற்றுவோரும் இவ்விடத்தில் தப்பமுடியாது. ‘இலங்கைச் சிவில் சேவையில் முதலாவது தமிழர்’ என்று அவருக்கு மாலை சூட்டும் வழக்கம் இருக்கின்றது. இதனைப் போல அவருக்கு இழைக்கும் அநீதி வேறில்லை. எதிராளர் எதனைக் குற்றமாகக் கூறுகின்றனரோ, அதனையே இவர்கள் பெருமையாகக் கூறுகின்றனர். இரு சாராருமே அவர் எழுதியவற்றைப் படிக்கத் தேவையில்லாத நிலையை அடைந்துவிட்டனர். உத்தியோகம் பெற்ற தமிழர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மிசனரி நிறுவனம் எதுவும் பின்னின்று தாங்காத நிலையில், தமிழ் மாத இதழொன்றைத் தொடங்கிய உத்தியோகத்தர் எத்தனை பேர்?

இங்கே ‘உதயாதித்தன்’ மீண்டும் கவனத்துக்குரியதாகின்றது. காசிச்செட்டியின் பெருநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தமை அவர் எந்த வாசகரை நோக்கினார் என்பதைக் காட்டுகின்றது என்பர். மெய்யே. கசற்றியரையும் புளூட்டாக்கையும் முதலில் வாசித்தவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்களே. அந்தச் சாட்சியத்தை ஏற்போர் இந்த இதழின் சாட்சியத்தையும் ஏற்றல் வேண்டும். ஆட்சியாளரை மகிழ்விப்பது மட்டுமே அவருடைய நோக்கமாக இருந்திருப்பின் தமிழில் ஓர் இதழ் எதற்கு? தேசாதிபதி தமிழ் வாசிக்கமாட்டார். சபையாரும் வாசிக்கமாட்டார். ஒரு மாத இதழால் பதவி உயர்வும் கிட்டாது, பணமும் கிட்டாது. நட்டமே கிட்டும் என்பது தமிழ்ச் சஞ்சிகை நடத்திய அனைவரும் அறிந்த செய்தி. யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு தமிழ் வாசகர் கூட்டம் உண்டு, அதற்கு ஓர் இதழ் வேண்டும் என்று எண்ணியவரே அதனைத் தொடங்கியிருப்பார். அவ்வெண்ணத்தை ஈழத்துப் பத்திரிகை வரலாறு ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கடந்தும் முழுமையாக ஏற்கவில்லை. கண்டியிலே பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியதையும் அது தனி அறையிலேயே வைத்திருக்கின்றது. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் இவ்வறைகளை அப்படியே பூட்டிவைக்கின்றன. யாழ்ப்பாணம் நடுவீடு, மற்றவை விறாந்தை.

அந்த விறாந்தையின் இன்றைய நிலையைப் பார்க்கலாம். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையிலான கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றிலே தமிழ் பேசிய குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டிற் சிங்களத்துக்கு மாறின. பாடசாலையின் போதனாமொழி மாறியபோது வீட்டுமொழியும் மாறிற்று. காசிச்செட்டி நீதிபதியாக இருந்த சிலாபத்தின் அயலிலே, பாட்டி தமிழில் முணுமுணுத்த செபத்தைப் பொருளறியாது கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. புத்தளம் மாவட்டத்திலே இன்று தமிழைப் போதனாமொழியாகக் கொண்ட பாடசாலைகளிற் பெரும்பாலானவை முஸ்லிம் பாடசாலைகள். ‘உதயாதித்தன்’ எழுதப்பட்ட மொழியை அக்கரையிற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவை அவையே. தில்லையடியில் அவ்வாறு தமிழ் படிக்கும் பிள்ளைகளுட் பலர், 1990இலே இரண்டு மணித்தியாலத்தில் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.